நீர்மேல் விளையும் தீவனம்

மருதத்திணைக்குரிய கருப்பொருள்களைத் தொகுத்துரைக்கும் அகப்பொருள் இலக்கணம், அந்நிலத்துப் புள்களின் வரிசையில் நாரையோடும் அன்னத்தோடும் தாராவையும் சேர்த்துக் கூறும். தாரா என்பது வாத்து. வயலும் குளமும் வாய்க்காலும் நிறைந்த நிலத்தில் தன் தீனியைத் தானே தேடிக்கொள்வது அதன் இயல்பு. நீர்மேல் மிதக்கும் செடிகொடிகள், சிறுநத்தைகள், புழுக்கள், சிதறிய நெல்மணிகள் என அது உண்பன பல. காவிரிப் படுகையில் அறுவடை முடிந்த வயல்களுக்குள் வாத்துக் கூட்டங்களை ஓட்டிச் சென்று மேய்ப்போரை இன்றும் காணலாம். ஆகவே, நீர்த்தாவரங்கள் பறவைகளுக்கு உணவாவது புதிய செய்தியன்று. அத்தாவரங்களுள் தகுந்த ஒன்றைத் தேர்ந்து, வீட்டுப் புறக்கடையில் சிறு பாத்தி அமைத்து வளர்த்து, நாள்தோறும் அளந்து கோழிக்குக் கொடுப்பதே புதிய முறை. அம்முறையால் எவ்வளவு பயன் கிட்டும், எங்கே அதன் எல்லை என்பதை அறிந்துகொள்ளாமல் இறங்கியோர் பலர் ஏமாற்றம் அடைந்துள்ளனர். அறிந்து இறங்கியோர் பயன் பெற்றுள்ளனர்.

தீனிக்கு ஆகும் செலவு

கோழி வளர்ப்பில் ஆகும் மொத்தச் செலவில் ஏறத்தாழ 60 முதல் 70 விழுக்காடு தீவனத்திற்கே செல்கிறது. தீவனத்தின் பெரும்பகுதி மக்காச்சோளம். அது ஆற்றலைத் தருகிறது. அடுத்து நிற்பது சோயாப் பிண்ணாக்கு. அது புரதத்தைத் தருகிறது. நாமக்கல் வட்டாரத்து முட்டைப் பண்ணைகளுக்கு வேண்டிய சோயா, மத்தியப் பிரதேசம், மகாராட்டிரம் போன்ற தொலைவிடங்களில் விளைந்து வருவது. அங்கே மழை பொய்த்தால் இங்கே தீவன மூட்டையின் விலை ஏறும். ஆயிரக்கணக்கில் கோழி வளர்க்கும் பண்ணையாளர் மொத்தமாக வாங்கி இருப்பு வைத்து அவ்விலையேற்றத்தை ஓரளவு தாங்கிக்கொள்வர். பத்துக் கோழியை வைத்துக்கொண்டு முட்டை விற்று வீட்டுச் செலவைச் சரிக்கட்டும் ஒரு குடும்பத்திற்கு அந்த வழியில்லை.

சிற்றூர்க் கோழி, தீவன மூட்டையை நம்பி வாழ்ந்ததன்று. காலையில் பஞ்சாரத்தைத் தூக்கிவிட்டால் அது குப்பைமேட்டையும் வேலியோரத்தையும் கிளறத் தொடங்கும். வீட்டில் கிடைக்கும் குருணை, தவிடு, மிச்சச் சோறு ஆகியவற்றால் அதற்கு மாவுச்சத்து கிடைத்துவிடும். புரதத்திற்குப் புழுவும் பூச்சியும் கரையானும் இருந்தன. சாணமும் கந்தல் சாக்கும் ஓலைத்துண்டும் இட்ட பழம்பானையை மாலையில் கவிழ்த்து வைத்து, மறுநாள் காலை அதில் ஏறியிருக்கும் கரையானைக் குஞ்சுகளுக்குத் தட்டிக் கொடுக்கும் வழக்கம் தமிழகத்தின் பல ஊர்களில் உண்டு. புரதத்தின் தேவையை நம் முன்னோர் அப்பெயரிட்டு அறியாவிடினும் அனுபவத்தால் அறிந்திருந்தனர் என்பதற்கு அது சான்று.

முற்றங்கள் சிமெண்டுத் தளங்களாயின, வேலிகள் மதில்களாயின, குப்பைமேடுகளில் நெகிழிப் பைகள் நிறைந்தன. கோழி கிளறுவதற்கு மண் குறைந்தது. கோடையில் பச்சை இலையே அதன் கண்ணில் படுவதில்லை. இத்தகைய கோழி உடல் இளைப்பதில்லை. ஆனால் முட்டையிடும் நாள்கள் குறைந்துபோகின்றன. தானியம் போதிய அளவு உண்ட பின்னும் அதற்குக் கிடைக்காதவை சில உள. அவற்றுள் சிலவற்றை ஈடுசெய்யத் தக்கதாக முன்வைக்கப்படுவதே அசோலா.

பாசியன்று, பெரணி

அசோலாவைச் சிற்றூர்களில் கம்மல் பாசி என்றும் மூக்குத்திப் பாசி என்றும் அழைப்பர். அதன் சிறிய, அடுக்கடுக்கான இலைகள் காதணிபோல் தோன்றுவதால் அப்பெயர். பெயரில் பாசி இருப்பினும் அது பாசி இனத்தைச் சேர்ந்ததன்று. நீர்மேல் மிதந்து வாழும் பெரணி வகைச் செடி அது, பூப்பதில்லை, காய்ப்பதில்லை. 1783 ஆம் ஆண்டில் பிரெஞ்சு அறிஞர் இலாமார்க்கு இதற்கு அசோலா எனப் பெயரிட்டார். உலர்தல், மடிதல் என்னும் பொருளுடைய இரு கிரேக்கச் சொற்களின் சேர்க்கை அது என்பர். பெயருக்கேற்ப, நீரை விட்டு எடுத்த செடி சிறிது நேரத்திலேயே துவண்டுவிடும்.

இச்செடியின் சிறப்பு அதன் இலைக்குள் இருக்கிறது. ஒவ்வோர் இலையும் மேல்மடல், கீழ்மடல் என இரண்டாகப் பிரிந்திருக்கும். கீழ்மடல் நீரில் படிந்து செடியை மிதக்கவைக்கிறது. மேல்மடலுக்குள் ஒரு சிறு குழிவு உண்டு. அக்குழிவில் அனபீனா அசோலே எனப்படும் நீலப்பச்சைப் பாசி குடியிருக்கிறது. காற்றில் ஐந்தில் நான்கு பங்களவு நைட்ரஜனே நிறைந்திருந்தும் செடிகளால் அதனை நேரடியாகப் பயன்படுத்திக்கொள்ள இயலாது. அப்பாசி காற்றின் நைட்ரஜனைச் செடி ஏற்கும் வடிவிற்கு மாற்றித் தருகிறது. கைம்மாறாக, செடி அதற்கு உறைவிடமும் உணவும் அளிக்கிறது. பயறு வகைச் செடிகளின் வேர்முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிரிகள் ஒவ்வொரு தலைமுறையிலும் மண்ணிலிருந்தே புதிதாக வந்து சேரவேண்டும். அசோலாவின் பாசியோ தாய்ச்செடியிலிருந்து சேய்ச்செடிக்கு உடன் செல்கிறது. அச்செடியை விட்டுத் தனித்து வாழும் ஆற்றலையே அது இழந்துவிட்டது.

நைட்ரஜன் புரதத்தின் அடிப்படைக் கூறு. நைட்ரஜனைத் தன் வீட்டிலேயே ஆக்கிக்கொள்ளும் செடி, யூரியா இடாமலே புரதம் மிகுந்ததாக வளர்வதில் வியப்பில்லை. நெல் வயலில் இதனைப் பசுந்தாள் உரமாகப் பயன்படுத்தும் வழக்கம் சீனத்திலும் வியட்நாமிலும் நெடுங்காலமாக உள்ளது. வடவியட்நாமில் கோடையில் மடிந்துவிடும் இச்செடியைக் காப்பாற்றி வைத்து, நடவுக்காலம் வந்ததும் விதைச்செடியாக விற்பதையே தொழிலாகக் கொண்ட குடும்பங்கள் இருந்தன. தாய்பின் மாகாணத்து இலா வான் என்னும் சிற்றூர் அதற்குப் பெயர் பெற்றது. தமிழகத்தில் கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் கண்ணையன் உள்ளிட்ட அறிஞர்கள் இதனை நெல்லுக்கான உயிர் உரமாக விரிவாக ஆராய்ந்தனர். உரமாக அறியப்பட்ட செடியைக் கால்நடைகளின் தீவனமாகப் பரப்புவதில் முன்னின்றது கன்னியாகுமரியிலுள்ள விவேகானந்த கேந்திரத்தின் இயற்கை வள மேம்பாட்டுத் திட்டம். கமலாசனன் பிள்ளையும் அவருடன் பணியாற்றியோரும் அங்கு வகுத்த எளிய பாத்திமுறையே தென்னிந்தியச் சிற்றூர்கள் பலவற்றிலும் இன்று பின்பற்றப்படுகிறது.

பாத்தி அமைத்தல்

மரநிழல் பாதியும் வெயில் பாதியுமாக விழும் இடத்தில் இரண்டு மீட்டர் நீளமும் இரண்டு மீட்டர் அகலமும் கொண்ட சமதளம் போதும். விளிம்பில் செங்கற்களைக் குத்துவசமாக அடுக்கி, புல்லின் வேர்கள் துளைக்காதபடி அடியில் பழஞ்சாக்குகளைப் பரப்பி, அதன்மேல் சில்பாலின் விரிப்பை விரிப்பர். சலித்த வளமான மண் 10 முதல் 15 கிலோவரை சீராகப் பரப்பப்படும். இரண்டு கிலோ பசுஞ்சாணமும் 30 கிராம் சூப்பர் பாஸ்பேட்டும் 10 லிட்டர் நீரில் கரைத்து ஊற்றப்படும். பின்னர் நீர்மட்டம் ஏறத்தாழ 10 சென்டிமீட்டர் வரும்வரை நீர் நிரப்பி, அரைக்கிலோ முதல் ஒரு கிலோவரை நோயற்ற அசோலாவைத் தூவினால் பத்து, பதினைந்து நாளில் பாத்தி முழுதும் மூடிவிடும்.

அதன்பின் நாளொன்றுக்கு 500 முதல் 600 கிராம்வரை அள்ளலாம். அள்ளிய இடம் மறுபடியும் மூடிக்கொள்ளும். ஊர் உண்ணும் கேணியில் படர்ந்த பாசி, கைபட்ட இடத்தில் விலகிக் கைவிட்டதும் பரவுவதைத் தலைவியின் பசலைக்கு உவமையாகக் குறுந்தொகையில் பரணர் கண்டார். மிதக்கும் செடிகளுக்குரிய அந்த இயல்பே இங்குத் தீவன விளைச்சலாகிறது. நாள்தோறும் அள்ளாமல் விடுவது பாத்திக்குத் தீங்கு. செடிகள் ஒன்றன்மேல் ஒன்றேறி நெருங்கினால் அடியிலுள்ளவை அழுகத் தொடங்கும்.

ஐந்து நாளுக்கு ஒருமுறை ஒரு கிலோ சாணமும் 20 கிராம் சூப்பர் பாஸ்பேட்டும் இடவேண்டும். பத்து நாளுக்கு ஒருமுறை நான்கில் ஒரு பங்கு நீரை இறைத்துவிட்டுப் புதுநீர் ஊற்றவேண்டும். மாதம் ஒருமுறை ஐந்து கிலோ பழைய மண்ணை எடுத்துவிட்டுப் புதுமண் இடுவதும், ஆறு மாதத்திற்கு ஒருமுறை பாத்தி முழுவதையும் புதுப்பிப்பதும் வழக்கம். இறைத்த நீரும் எடுத்த மண்ணும் வாழைக்கும் காய்கறிக்கும் நல்ல உரம்.

நைட்ரஜனைத் தானே ஆக்கிக்கொள்ளும் செடிக்குப் பாஸ்பரசைத் தானே ஆக்கிக்கொள்ள வழியில்லை. அது வெளியிலிருந்துதான் வரவேண்டும். பாஸ்பரசு குறைந்தாலும், வெயில் மிகுந்தாலும் பச்சை இலைகள் செம்மை படரும். செந்நிறப் பாத்தியைக் கண்டு அழகென்று மகிழ்வோர் உளர். செடியின் பசிக்குறி அது.

ஒரே செடி, இரண்டு கணக்குகள்

அசோலாவின் உலர்ந்த எடையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு புரதம். தவிட்டைவிடவும் மக்காச்சோளத்தைவிடவும் இது மிகுதி. இவ்வொரு செய்தியே துண்டறிக்கைகளில் பெரிய எழுத்தில் அச்சாகிறது. 'உலர்ந்த எடையில்' என்னும் சொற்கள் மட்டும் பெரும்பாலும் சிறிய எழுத்தில் ஒதுங்கிவிடுகின்றன. பாத்தியிலிருந்து அள்ளும் பச்சை அசோலாவின் எடையில் ஏறத்தாழ 94 விழுக்காடு நீரே.

கணக்கைப் போட்டுப் பார்த்தால் நிலை தெளிவாகும். நாளொன்றுக்கு 500 கிராம் அள்ளினால் அதில் உலர்பொருள் 30 கிராம். அதில் புரதம் ஏழரை கிராம். ஒரு கோழிமுட்டையில் உள்ள புரதம் ஏறத்தாழ ஆறு கிராம். அதாவது, ஒரு பாத்தி ஒரு நாளில் தரும் புரதம் ஒரு முட்டையில் உள்ளதைவிடச் சற்றே மிகுதி. ஆண்டு முழுவதும் ஒரு நாளும் தவறாமல் அள்ளினாலும் இரண்டே முக்கால் கிலோ புரதந்தான் சேரும். அதே அளவு புரதம் ஆறு கிலோ சோயாப் பிண்ணாக்கில் கிடைத்துவிடும். முட்டையிடும் நாட்டுக்கோழி ஒன்றுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 15 கிராம் புரதம் தேவை எனக் கொள்வோமாயின், அதனை முழுவதும் பச்சை அசோலாவிலிருந்தே பெற அக்கோழி ஒரு கிலோ அசோலாவை விழுங்கவேண்டும். ஒன்றரைக் கிலோ எடையுள்ள பறவையின் தீனிப்பைக்குள் அது அடங்காது. 'அசோலா இருந்தால் தீவனமே வேண்டா' என்னும் பேச்சு எத்துணைப் பொருளற்றது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுவதில்லை.

மற்றொரு கணக்கும் இதே செடியைப் பற்றியதுதான். நான்கு சதுர மீட்டரில் கிடைக்கும் அதே விளைச்சலை ஒரு எக்டேருக்கு விரித்துப் பார்த்தால் ஆண்டுக்கு ஆறரை டன்னுக்கும் மேற்பட்ட புரதம் வருகிறது. இந்தியாவில் ஒரு எக்டேர் சோயா விதைப்பு ஏறத்தாழ ஒரு டன் விதையையே தருகிறது. அதில் புரதம் 400 கிலோ அளவே. நிலத்தின் அளவைக் கொண்டு ஒப்பிட்டால் அசோலா பதினைந்து மடங்குக்கும் மேல் புரதம் தருகிறது. வேறு எதற்கும் பயன்படாத மூலையிலும், மாட்டுச்சாணத்தைக் கொண்டும், காற்றிலிருந்து நைட்ரஜனைக் கொண்டும் இவ்விளைச்சல் கிடைக்கிறது. ஆய்வாளர்கள் இச்செடியின்மீது காட்டும் ஆர்வத்திற்கு இந்தக் கணக்கே காரணம்.

இரு கணக்குகளும் மெய்யே. முதற்கணக்கை மறைத்து இரண்டாம் கணக்கை மட்டும் கூறும்போதுதான் ஏமாற்றம் பிறக்கிறது. அசோலாவை உலர்த்தி மூட்டையாக்கி விற்கலாம் என்னும் திட்டங்கள் பெரும்பாலும் இங்கேதான் தடுமாறுகின்றன. ஒரு கிலோ உலர் அசோலாவுக்குப் பதினாறு, பதினேழு கிலோ பச்சை அசோலா வேண்டும். அத்தனை நீரையும் வெயிலில் போக்கினால் இலையிலுள்ள கரோட்டின் பெரிதும் அழிந்துவிடும். நிழலில் போக்கினால் நாளாகும். எரிபொருளால் போக்கினால் தீவனம் மலிவானதாக இராது. பாத்தியின் பக்கத்திலேயே கோழி இருக்கவேண்டும் என்பதே இதன் பொருளியல்.

கோழிக்கு அது கீரை

சோற்றுக்கு மாற்றாகக் கீரையை எவரும் உண்பதில்லை. கீரையற்ற சோறும் நிறைவான உணவாவதில்லை. கோழிக்கு அசோலா அந்த இடத்தில் நிற்கிறது. பத்துக் கோழிக்கு ஒரு பாத்தி என வைத்துக்கொண்டால் ஒவ்வொன்றுக்கும் நாள்தோறும் 50 கிராம்வரை பசுமை கிடைக்கும். அதிலுள்ள புரதம் ஒரு கிராமிற்கும் குறைவே. எனினும் அதன் தரம் கவனிக்கத்தக்கது. தானியங்களில் குறைந்து காணப்படும் லைசின் என்னும் அமினோ அமிலம் அசோலாவில் நன்கு உள்ளது. கரோட்டின், இரும்பு, பிற தாதுக்கள் ஆகியவையும் உள்ளன. மதிலுக்குள் அடைபட்டுக் குருணையை மட்டும் கொத்தும் கோழிக்கு இவையே கிட்டாதவை.

இதன் பயன் முதலில் கண்ணுக்குத் தெரிவது மஞ்சட்கருவில். மஞ்சட்கருவுக்கு நிறமூட்டும் பொருள்களைக் கோழியின் உடலால் உருவாக்க இயலாது; உண்ணும் இலையிலிருந்தும் மஞ்சள் மக்காச்சோளத்திலிருந்தும் அவை வரவேண்டும். அரிசிக் குருணையில் அவை இல்லை. ஆதலால் குருணையை மட்டும் உண்ட கோழியின் கரு வெளிறி இருக்கும். அசோலா உண்ணத் தொடங்கிய சில வாரங்களில் அது ஆழ்ந்த மஞ்சளாக மாறும். நாட்டுக்கோழி முட்டையை வாங்குவோர் இந்நிறத்தையே நம்பி வாங்குகின்றனர். ஆகவே விற்போருக்கு இது வெறும் அழகன்று, விலையும் ஆகும். நிறத்தை மட்டும் வைத்து முட்டையின் புரத அளவை மதிப்பிட இயலாது என்பதையும் வாங்குவோர் அறிந்திருத்தல் நன்று.

அசோலாவில் மெத்தியோனின் குறைவு. சிறகு முளைப்பதற்கும் முட்டை உருவாவதற்கும் இன்றியமையாத அமினோ அமிலம் அது. எள்ளுப் பிண்ணாக்கும் கருவாட்டுத் தூளும் அதனை ஈடுசெய்யும். முட்டையோட்டுக்குக் கிளிஞ்சல் தூள் தனியே வேண்டும். பழம்பானைக் கரையானும் இப்போதும் பயனுடையதே.

அளவு மிகுந்தால் தீமை உண்டு. ஆடுமாடுகளின் வயிற்றில் நார்ச்சத்தை நொதிக்கவைத்துச் செரிக்கும் அமைப்பு உள்ளது; கோழிக்கு அது மிகக் குறைவு. விழுங்கிய தானியத்தைச் சிறுகற்களின் துணையோடு அரைக்கும் பை அதற்கு உண்டே தவிர, நாரைக் கரைக்கும் வயிறு இல்லை. அசோலாவின் நார், கோழியின் வயிற்றை நிரப்புமேயன்றி ஆற்றலைத் தராது. உலர்பொருள் அளவில் மொத்தத் தீனியில் ஐந்து விழுக்காடு அளவுக்குச் சேர்ப்பது பாதுகாப்பானது. அளவு மிக ஏறினால் இறைச்சிக்கோழிகளின் வளர்ச்சி குன்றும். பெரு நாட்டில் லெம்னா என்னும் வேறொரு மிதக்கும் செடியை உலர்த்திக் கொடுத்துப் பார்த்தபோதும் இவ்வேறுபாடு தெரிந்தது. முட்டையிடும் பருவக் கோழிகள் அதனை நன்கு ஏற்றன. இளங்குஞ்சுகள் அளவு கூடியபோது வளர்ச்சியில் பின்தங்கின. எனவே குஞ்சுகளுக்கு முதல் சில வாரங்கள் அசோலா வேண்டியதில்லை.

கோழி புதிய தீனியை ஐயத்தோடுதான் நெருங்கும். தொடக்கத்தில் சிறிதளவு அசோலாவைத் தவிட்டோடோ நனைத்த குருணையோடோ பிசறி வைப்பது நல்லது. சாண நாற்றம் இருந்தால் தொடாது. ஆதலின் அள்ளிய செடியைச் சல்லடைத் தட்டில் இட்டு, பாதி நீர் நிறைந்த வாளியின்மேல் பிடித்து நன்கு அலசவேண்டும். அலசும்போது சல்லடைக் கண்களின் வழியே விழும் சிறுசெடிகளை வாளி நீரோடு பாத்தியிலேயே ஊற்றிவிடலாம். அவை மறுபடியும் வளரும்.

வாத்துக்கும் வயலுக்கும்

நீர்த்தாவரத்தை அள்ளிக் கொண்டுவந்து கொடுக்கும் உழைப்பே இம்முறையின் மறைமுகச் செலவு. வாத்து வளர்ப்பில் அவ்வுழைப்பும் தேவையில்லை. சப்பான் நாட்டுப் பியுகுவோக்கா மாகாணத்து உழவர் தகாவோ புருனோ 1988 இல் நெல்வயலுக்குள் வாத்துக்குஞ்சுகளை விடும் முறையைத் தொடங்கினார். குஞ்சுகள் களையையும் பூச்சியையும் உண்டன. நடந்து நடந்து சேற்றைக் கலக்கின. எச்சத்தால் வயலுக்கு உரமிட்டன. பின்னர் அவர் அவ்வயலில் அசோலாவையும் மீனையும் சேர்த்தார். அசோலா வாத்துக்குத் தீனி. வாத்தின் எச்சம் அசோலாவுக்குப் பாஸ்பரசு. வாத்தின் நடையால் கலைந்து பரவிய அசோலா வயல் முழுவதும் படர்கிறது. கதிர் வெளிப்படும் வேளையில் வாத்துகளை வெளியேற்றிவிட வேண்டும். இல்லையேல் நெல்லையும் அவை தின்றுவிடும். களைக்கொல்லியும் பூச்சிக்கொல்லியும் தெளித்த வயலில் இம்முறை செல்லாது என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

வாத்துக்கு ஏற்ற செடிகளுள் லெம்னாவுக்குத் தனியிடம் உண்டு. ஆங்கிலத்தில் அதன் பெயருக்கே வாத்துக்களை என்றுதான் பொருள். குளங்களின் மேல் பச்சைப் பொட்டுகளாக மிதக்கும் அது அசோலாவைவிட மென்மையானது, நாரும் குறைவு. ஆயினும் காற்றின் நைட்ரஜனைப் பிடித்துத் தரும் துணையுயிர் அதற்கு இல்லை. எனவே சத்துமிக்க நீர் வேண்டும். வங்கதேசத்தின் மிர்சாப்பூரில் ஒரு மருத்துவமனை வளாகத்துக் கழிவுநீரில் லெம்னாவை வளர்த்து, அதனை அள்ளி அருகிலுள்ள குளத்து மீன்களுக்கு உணவாக்கினர். நீரும் தூய்மையடைந்தது; மீனும் வளர்ந்தது.

அம்முறையைக் காணும் எவருக்கும், ஊர்க் கழிவுநீர்க் குட்டையில் இலவசமாக வளர்ந்து கிடப்பதை அள்ளிக் கோழிக்குக் கொடுத்தால் என்ன என்று தோன்றும். அது தவறான முடிவு. மிதக்கும் செடிகள் நீரில் கரைந்துள்ள நல்ல சத்துகளை மட்டுமன்றிக் காரீயம், காட்மியம் போன்ற நச்சு உலோகங்களையும் தம்முள் சேர்த்துக்கொள்ளும் தன்மையுடையவை. சாயப்பட்டறை, தோல் பதனிடும் ஆலை ஆகியவற்றின் கழிவு கலக்கும் நீரில் வளர்ந்த எச்செடியும் தீவனமாகத் தகாது. கோழியின் வழியே அந்நஞ்சு உண்பவரின் தட்டுக்கு வரும். ஏரிகளை மூடிக்கிடக்கும் வெங்காயத்தாமரை மலிவாகக் கிடைப்பினும் கோழிக்கு ஏற்றதன்று. நாரும் ஆக்சலேட்டும் மிகுந்த அது மட்கு உரமாவதற்கே பொருந்தும். வள்ளைக்கீரையை நறுக்கிக் கொடுக்கலாம். அதையும் நல்ல நீரிலிருந்து பறித்திருக்க வேண்டும்.

பாத்தியில் வளர்க்கும் அசோலாவைக் குளத்திலோ ஏரியிலோ கொட்டிப் பெருக்க முயல்வதும் கூடாது. தென்னாப்பிரிக்காவில் 1948 ஆம் ஆண்டளவில் புகுந்த அமெரிக்க அசோலா இனம் ஒன்று, அணைகளையும் நீரோடைகளையும் மெத்தைபோல் மூடியது. அடியிலிருந்த நீரில் ஒளியும் உயிர்வளியும் குறைந்தன. கால்நடைகள் நீர் அருந்தத் தயங்கின. 1997 இல் அதனை மட்டுமே தின்னும் ஒரு சிறு கூன்வண்டைக் கொண்டுவந்து விட்ட பிறகே அது கட்டுக்குள் வந்தது. விரைந்து பெருகுவது தீவனப் பாத்தியில் நன்மை. திறந்த நீர்நிலையில் அதுவே கேடு.

கோடையைக் கடத்தல்

தமிழகத்தில் அசோலாப் பாத்திகள் பெரும்பாலும் கைவிடப்படுவது சித்திரை, வைகாசி மாதங்களில்தான். வெப்பம் 20 முதல் 30 பாகை செல்சியசு அளவில் இருக்கும்போது செழிக்கும் செடி, 35 பாகையைக் கடந்தால் வளர்ச்சி குன்றும். சில நாள்களில் பழுப்பாகி அழியும். நத்தைகளும் இலைப்புழுக்களும் அப்பருவத்திலேயே மிகும். தென்னங்கீற்றுப் பந்தலோ பச்சைநிற நிழல்வலையோ அமைத்து, நீர்மட்டத்தைச் சற்று உயர்த்தி வைத்தால் ஓரளவு காக்கலாம். நீர்த்தட்டுப்பாடு உள்ள ஊர்களில் அதுவும் இயலாது. வீட்டிற்கே குடத்தில் நீர் சுமக்கும் நாள்களில் பாத்திக்கு ஊற்றச் சொல்வது நடவாத செயல்.

அத்தகைய இடங்களில் பட்டறிவு உடையோர் பாத்தியைக் காயவிட்டுவிடுகின்றனர். விதைச்செடியை மட்டும் காக்கின்றனர். வாய் அகன்ற மண்தொட்டி ஒன்றில் ஒரு கை மண்ணும் சிறிது சாணக் கரைசலும் இட்டு, ஒருபிடி அசோலாவை விட்டு, கிணற்றடியிலோ மாமர நிழலிலோ வைத்துவிடுகின்றனர். கைகால் கழுவும் நீரைவிடச் சிறிதளவே அதற்குச் செலவாகும். தொட்டி நிறையும்போது மேலாக அள்ளிக் கோழிக்கு வீசிவிடுவர். ஆனி, ஆடியில் தென்மேற்குக் காற்று வீசி வெயில் தணிந்ததும் அந்த ஒருபிடியைப் பாத்தியில் தூவினால், ஆவணிக்குள் நாள்தோறும் அரைக்கிலோ அள்ளத் தொடங்கலாம்.